டிரிங்க்ஸ் பேக்கேஜ் வாங்கியும் பில்லில் வரி ஏன்? குரூஸ் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குரூஸ் கப்பலில் பானங்களுக்கு மொத்தமாகப் பணம் கட்டியவர்கள், ஏறிய அன்று சாயங்காலமே ஆப்பில் 98 சென்ட், 1 டாலர் 16 சென்ட் என்று சில்லறையாகச் செலவு ஏறுவதைப் பார்த்துக் குழம்புகிறார்கள். இது குறித்துத் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. பெரும்பாலானவை அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் பயணங்களைப் பற்றியவை. ஐரோப்பாவின் கணக்கே வேறு, அது பின்னால் வருகிறது. வரி விகிதங்கள் 2025 நிலவரப்படி.

1. எல்லாமே பேக்கேஜில் அடக்கம்னு சொல்லித்தானே வித்தாங்க, அப்புறம் ஏன் ஒவ்வொரு கிளாஸுக்கும் காசு ஏறுது?

பேக்கேஜில் அடங்குவது பானத்தின் விலையும் அதற்கான டிப்ஸும். கப்பல் ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் இருக்கும்போது அந்த மாநிலம் கேட்கும் விற்பனை வரி அதில் சேராது. பில்லைத் திறந்து பாருங்கள்: காக்டெயிலுக்கு நேரே பூஜ்யம் இருக்கும், அதன் கீழே வரி மட்டும் தனியாக நிற்கும்.

பேக்கேஜுக்கு எந்த ஊரிலிருந்து, எப்போது பணம் கட்டினீர்கள் என்பது இங்கே முக்கியமில்லை. கிளாஸ் உங்கள் கைக்கு வந்த நிமிடத்தில் கப்பல் எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதிச் சந்தேகங்கள் தாமாகத் தீரும்.

2. நடுக்கடலில் குடிச்சா ஏன் வரி வரலை?

அங்கே வரி கேட்க மாநிலம் இல்லை என்பதால். அமெரிக்கக் கடலோர மாநிலங்களின் எல்லை பொதுவாகக் கரையிலிருந்து 3 கடல் மைல். 1953-இல் வந்த கடலடி நிலச் சட்டம் இதை வகுத்தது. டெக்ஸாஸுக்கும், ஃபுளோரிடாவின் மேற்குப் பக்கமான வளைகுடாக் கரைக்கும் மட்டும் 9 கடல் மைல். ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில், அதாவது மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனவெரல் பக்கம், அதே 3 தான்.

பலரும் 12 கடல் மைல் என்று நினைக்கிறார்கள். அது நாட்டின் கடல் எல்லை. விற்பனை வரி மாநிலத்தின் விவகாரம், ஆகவே 3 அல்லது 9.

3. சரி, ஒரு பானத்துக்கு எவ்வளவுதான் வரும்?

பானத்தின் பட்டியல் விலையை அந்த ஊர் வரி விகிதத்தால் பெருக்குங்கள். மயாமியிலும் ஃபோர்ட் லாடர்டேலிலும் போர்ட் கனவெரலிலும் 7%. ஃபுளோரிடாவின் வளைகுடாக் கரைப் பக்கமுள்ள டாம்பாவில் 7.5%. டெக்ஸாஸின் கால்வெஸ்டனில் 8.25%; அங்கே காக்டெயிலுக்குத் தனிப் பெயரில் ஒரு வரி உண்டு, விகிதம் அதேதான். நியூயார்க் நகரத்தில் 8.875%. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியின் பயோன் துறைமுகத்தில் 6.625%. நியூ ஆர்லியன்ஸில் 10%.

14 டாலர் காக்டெயில் என்றால் மயாமியில் 98 சென்ட், கால்வெஸ்டனில் 1.16 டாலர், நியூயார்க்கில் 1.24, நியூ ஆர்லியன்ஸில் 1.40. மதியம் ஏறி, கப்பல் கிளம்பும் முன் ஆளுக்கு மூன்று கிளாஸ் குடித்த தம்பதிக்கு மயாமியில் 5.88 டாலர். விடுமுறையைக் கெடுக்கும் தொகை இல்லை. ஆனால் பூஜ்யம் என்று நம்பியவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.

4. கப்பல் கிளம்பிடுச்சு, கரையே கண்ணுக்குத் தெரியலை, ஆனாலும் வரி போடுறாங்களே?

துறைமுகம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். மயாமி கடல் வாசலிலேயே இருக்கிறது. கால்வாயைத் தாண்டியபின் 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் 3 கடல் மைல் கடக்க 18 நிமிடம் போதும். டாம்பா அப்படியல்ல. விரிகுடாவைக் கடந்து ஸ்கைவே பாலத்தின் அடியில் நுழைந்து வெளிக்கடலைத் தொடவே மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். அதற்கு அப்புறம் 9 கடல் மைல் பாக்கி. இரவுச் சாப்பாட்டு ஒயினும் வரிக்குள் விழுந்துவிடும்.

நியூ ஆர்லியன்ஸ் இன்னும் மோசம். மிசிசிப்பி ஆற்றில் ஏறக்குறைய 100 மைல் இறங்க வேண்டும். மாலையில் கிளம்பும் கப்பல் நள்ளிரவு வாக்கில்தான் கடலைப் பார்க்கும். பால்டிமோரிலிருந்து கிளம்பினால் செசபீக் விரிகுடாவிலேயே பத்து மணி நேரத்துக்கும் மேல் போகும். அது முதலில் மேரிலாண்ட், பிறகு வர்ஜீனியா. மேரிலாண்டில் மதுவுக்கு விற்பனை வரி 9%, மற்றவற்றுக்கு 6%.

எல்லை தாண்டிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி: கேசினோவும் டியூட்டி ஃப்ரீ கடைகளும் திறந்துவிட்டனவா என்று எட்டிப் பாருங்கள். அவையும் மாநில எல்லைக்குள் மூடித்தான் இருக்கும். கடிகாரம் மாதிரித் துல்லியமில்லை, ஆனாலும் பயன்படும்.

5. டிக்கெட்லயே "டாக்ஸ், ஃபீஸ்"னு நூறு டாலருக்கு மேல கட்டிட்டேன். இது ரெண்டாவது தடவை வாங்குறதுதானே?

இல்லை. டிக்கெட்டில் இருப்பது தலைக்கு இவ்வளவு என்று விழும் கட்டணங்கள்: துறைமுகக் கட்டணம், சுங்க, குடியேற்றச் சோதனைக் கட்டணம், அமெரிக்க மத்திய அரசின் 3 டாலர் பயணி வரி, அலாஸ்கா போனால் அந்த மாநிலத்தின் 34.50 டாலர் என்று பலவும் சேர்ந்தது. நீங்கள் கப்பலில் என்ன வாங்கிச் சாப்பிட்டீர்கள், குடித்தீர்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

6. பேக்கேஜ் வாங்கும்போது மேல 18% போட்டாங்க. அது வரி இல்லையா?

அது டிப்ஸ். நிறுவனத்தைப் பொறுத்து 18% அல்லது 20%. பார்ப்பதற்கு ஜி.எஸ்.டி. மாதிரி இருப்பதால் நம்மவர்கள் பலரும் வரி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அரசுக்கு அதில் பங்கில்லை. ஆனால் அதை முன்கூட்டியே கட்டிவிட்டதால், பேக்கேஜில் அடங்கிய பானத்துக்குக் கப்பலில் மறுபடி டிப்ஸ் கேட்கக் கூடாது. வரியோடு சேர்ந்து டிப்ஸ் என்றும் ஒரு தொகை பில்லில் இருந்தால், அது வரிப் பிரச்சினை அல்ல, தவறான பில். உடனே போய்க் கேளுங்கள்.

7. கணக்குப்படி 98 சென்ட் வரணும். எனக்கு 1.16 வந்திருக்கே? கப்பல் மயாமில இருந்துதான் கிளம்புது.

14 டாலரோடு 18% சேர்த்தால் 16.52. அதில் 7% எடுத்தால் 1.16. அதாவது டிப்ஸையும் விலையில் சேர்த்து, மொத்தத்துக்கும் வரி போட்டிருக்கிறார்கள். ஃபுளோரிடாவில் இதற்கு வழி இருக்கிறது. கட்டாயமாக வசூலிக்கும் சேவைக் கட்டணம் பில்லில் தனியாகக் காட்டப்பட்டு, முழுவதும் ஊழியருக்கே போனால்தான் வரிக்கு வெளியே நிற்கும். நிறுவனத்துக்கு அதில் ஏதேனும் ஆதாயம் இருந்தால் அதுவும் வரிக்கு உட்பட்டது.

எனவே வந்திருக்கும் தொகையை விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். 1.16-ஐ 0.07-ஆல் வகுத்தால் 16.57, சென்ட் முழுமையாக்கலில் வரும் சிறு வித்தியாசத்தை விட்டால் அது 16.52 தான். விடை பட்டியல் விலையாகவோ, விலையும் டிப்ஸும் சேர்ந்த தொகையாகவோ வந்தால் கணக்கு ஒழுங்கு. இரண்டும் இல்லையென்றால் வேறொரு பானத்தை உங்கள் பெயரில் அடித்திருக்கிறார்கள்.

8. எங்க வீட்டில் யாரும் மது தொடுறதில்லை. சோடா, காபி பேக்கேஜ்தான். எங்களுக்கும் வருமா?

வரும். இது மதுவுக்கு மட்டுமான வரி அல்ல, பொது விற்பனை வரி. பாட்டில் குளிர்பானம், மது சேராத காக்டெயிலான மாக்டெயில், காபிக் கடையில் வாங்கும் லாட்டே எல்லாம் உண்டு. விலை குறைவு என்பதால் வரியும் குறைவு. 5 டாலர் லாட்டேக்கு மயாமியில் 35 சென்ட்.

பஃபேயில் எல்லோருக்கும் இலவசமாக வைத்திருக்கும் தண்ணீர், டீ, சாதாரண காபி, லெமனேடுக்கு வராது. அவற்றுக்கு விலையே இல்லை. கோப்பையை நீங்களே வைத்து நிரப்பிக்கொள்ளும் சோடா இயந்திரத்தில் ஒவ்வொரு தடவையும் பில் போடுவதில்லை, அதனால் அங்கேயும் சில்லறை ஏறுவதில்லை.

9. என் பேக்கேஜ் புக்கிங்கோட இலவசமா வந்தது. இலவசத்துக்கு எப்படி வரி?

இலவசம் என்பது விளம்பரத்தின் சொல். அதன் விலை கட்டணத்துக்குள் எங்கோ இருக்கிறது. பார் கணினியில் ஒவ்வொரு பானத்துக்கும் பட்டியல் விலை இருக்கும், வரி அதன்மேல் கணக்காகும். கட்டணத்தோடு வந்த பேக்கேஜும் காசு கொடுத்து வாங்கிய பேக்கேஜும் இதில் ஒன்றுதான். 3-ஆம் கேள்வியின் கணக்கே பொருந்தும்.

10. கால்வெஸ்டன்ல ஏறினோம். வரி இருக்கட்டும், முதல் நாள் பேக்கேஜே வேலை செய்யாதுங்கறாங்க!

இது வரி அல்ல, மதுச் சட்டம். ஒரே விலைக்கு அளவில்லாமல் மது தருவதை டெக்ஸாஸ் மதுபான விதிகள் தடுக்கின்றன. நியூயார்க்கிலும் மதுபானச் சட்டத்தின் 117-ஏ பிரிவு அதையே சொல்கிறது. கப்பல் அந்த மாநிலத்தில் நிற்கும்வரை கப்பல் பாருக்கும் அதுதான் சட்டம்.

ஒவ்வொரு நிறுவனமும் இதை ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது. கார்னிவல் தன் சியர்ஸ் பேக்கேஜை இந்த இரண்டு இடங்களிலும் இரண்டாம் நாளிலிருந்துதான் தொடங்குகிறது. வேறு சிலர் பேக்கேஜை அனுமதித்து வரியை மட்டும் வாங்குகிறார்கள். முதல் நாள் கிடையாது என்றால், நீங்கள் கட்டிய தொகையில் அந்த நாள் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று புக்கிங் ரசீதில் பாருங்கள். ஏழு இரவுப் பயணத்துக்கு ஆறு நாள் கட்டணம்தான் இருக்க வேண்டும்.

11. பேக்கேஜ் வரம்பு ஒரு பானத்துக்கு 14 டாலர், நான் கேட்டது 17 டாலர் விஸ்கி. வரி எதுக்கு?

துறைமுகத்தில் நிற்கும்போது கேட்டால் மூன்று தொகைகள் சேரும். கூடுதல் 3 டாலர், அதன்மேல் 18% டிப்ஸாக 54 சென்ட், பிறகு முழு 17 டாலருக்கும் வரி; மயாமி என்றால் 1.19. ஆக 4.73. நடுக்கடலில் அதே கிளாஸ் 3.54. சில நிறுவனங்கள் வரம்பு மீறினால் வித்தியாசத்தை மட்டும் வாங்காமல் முழு விலையையும் வாங்கும்; விதியைப் படிக்காமல் விலையுயர்ந்த விஸ்கியைத் தொடாதீர்கள்.

12. நடுவில் நிற்கிற ஊர்களிலும் இதே கதையா?

கரீபியன் தீவுகளில் கப்பல் நிற்கும்போது கப்பல் பார்கள் பெரும்பாலும் உள்ளூர் வரி வாங்குவதில்லை. பெர்முடாவில் விற்பனை வரி என்பதே கிடையாது. அங்கே இரண்டு மூன்று நாள் நிற்கும் பயணங்களில் நிம்மதி.

கவனிக்க வேண்டியவை அமெரிக்கக் கொடியின் கீழுள்ள ஊர்கள். புவேர்ட்டோ ரிக்கோவில் பொது விற்பனை வரி 11.5%, எனவே சான் ஹுவானில் நிற்கும்போது பில்லைப் பாருங்கள். அலாஸ்காவில் மாநில விற்பனை வரி இல்லை, ஆனால் ஜூனோ போன்ற நகரங்கள் தாமாகவே விதிக்கின்றன. ஹவாயைச் சுற்றிவரும் ஏழு நாள் பயணத்தில் கப்பல் இரவிலும் துறைமுகத்தில் தங்குகிறது. அங்கே விகிதம் 4.5 சதவீதத்தை ஒட்டித்தான், ஆனால் வாரம் முழுக்க வரும்.

13. கடைசி நாள் காலையில் ஒரே ஒரு காபி. அதுக்கும் வரி வந்திருக்கு, பில் செட்டில் ஆன பிறகு!

கப்பல் விடியுமுன்பே எல்லைக்குள் நுழைந்துவிடுகிறது. டாம்பா, நியூ ஆர்லியன்ஸ் என்றால் முந்தைய இரவே. காலை 6 மணிக் காபி மாநிலத்துக்குள் குடித்த காபி. முந்தைய இரவு பில்லில் அது இருக்காது. அட்டையில் தனியாகச் சில சென்ட் கழியும். கார்டு மோசடி என்று வங்கிக்குப் புகார் கொடுத்துவிடாதீர்கள்.

14. இந்த வரியைத் தவிர்க்க வழியே இல்லையா?

எல்லை தாண்டும்வரை இலவசப் பானங்களோடு இருப்பதுதான் ஒரே வழி. மயாமியில் அது சாத்தியம். டாம்பாவில் அதற்காகக் காத்திருப்பது வீண் பிடிவாதம். முதல் மாலை போனால் திரும்பாது. ஆன்போர்ட் கிரெடிட் (கப்பலில் செலவழிக்க உங்கள் கணக்கில் நிறுவனம் வைக்கும் தொகை) இருந்தால் இந்தச் சில்லறை பொதுவாக அதிலேயே கழிந்துவிடும். பாரில் பரிமாறுபவரிடம் வாக்குவாதம் வேண்டாம், அவரால் வரியை நீக்க முடியாது.

15. பார்சலோனாவில் ஏறினோம். முதல் நாள் மட்டுமில்லை, வாரம் முழுக்க 10% வருது. இது என்ன கொடுமை?

ஐரோப்பாவில் விதி தலைகீழ். அங்கே கடல் மைல் மட்டும் பேசாது, பயணப் பாதையும் பேசும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 மதிப்புக் கூட்டு வரி நெறிமுறைப்படி, ஒன்றியத்துக்கு வெளியே எங்கும் நிற்காமல் போகும் கப்பலில் பரிமாறும் உணவுக்கும் பானத்துக்கும், கிளம்பிய நாட்டின் வரி பொருந்தும். பார்சலோனா, மார்சே, ஜெனோவா, நேப்பிள்ஸ், பால்மா என்று சுற்றினால் எல்லாமே ஒன்றியத்துக்குள். ஸ்பெயினில் உணவகச் சேவைக்கு 10%. இத்தாலியில் கிளம்பினாலும் 10%. பிரான்சில் மதுவுக்கு 20%.

இங்கேதான் தொகை உறைக்கும். 14 டாலர் பானத்துக்கு 1.40, நாளைக்கு எட்டு வீதம் ஏழு நாளைக்கு 78.40 டாலர். ஒருவருக்கு. ஐரோப்பிய நிறுவனங்கள் வழக்கமாக வரியை உள்ளடக்கியே விலை போடுவதால் பில்லில் தனியாகத் தெரியாது. அமெரிக்க நிறுவனங்கள் தனியாகச் சேர்ப்பதால்தான் கண்ணில் படுகிறது. சில நிறுவனங்கள் ஸ்பெயின் கடலுக்குள் இருக்கும் நேரத்துக்கு மட்டும் கணக்கிடுகின்றன. புக்கிங்குக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கவேண்டிய பதில் இது.

16. அதே பார்சலோனா, போன வருஷம் வரி வரலைன்னு என் மச்சான் சொல்றாரே?

அவர் போன பாதையைக் கேளுங்கள். நடுவில் துருக்கியின் குஷாடசி, துனிசியா, மொராக்கோவின் டாஞ்சியர், மாண்டிநீக்ரோவின் கோட்டோர் என்று ஏதாவது இருந்திருக்கும். இவை ஒன்றியத்துக்கு வெளியே; பிரிட்டனும் 2021 முதல் வெளியேதான். பயணிகள் கொஞ்ச நேரமாவது இறங்க முடிகிற நிறுத்தம் வெளியே நின்றதாகவே கணக்கு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2005-இல் கோலர் வழக்கில் சொல்லியிருக்கிறது.

கேனரி தீவுகள் ஸ்பெயினுடையவை, ஆனால் ஒன்றியத்தின் மதிப்புக் கூட்டு வரிப் பரப்பில் இல்லை. ஜிப்ரால்டரும் அப்படியே. வரைபடத்தில் ஐரோப்பா போலத் தெரிந்தாலும் வரிக்கு வெளிநாடு. இப்படி ஒரு துறைமுகம் பாதையில் இருந்தால் வரி பெரும்பாலும் குறையும், அல்லது நீங்கும். இதற்காகப் பாதையை மாற்றிப் புக் செய்வது அதிகம்தான். இரண்டு பயணங்களில் எதை எடுப்பது என்று தடுமாறும்போது கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

17. இந்தியப் பாஸ்போர்ட் இருக்கே, ஏர்போர்ட்டில் வரியைத் திரும்ப வாங்கலாமா?

முடியாது. சுற்றுலாப் பயணிகளுக்கு வரி திரும்பக் கிடைப்பது, பிரிக்காமல் நாட்டைவிட்டு எடுத்துப்போகும் பொருளுக்கு. குடித்து முடித்ததற்கு இல்லை.

18. அப்படின்னா எதுக்குத்தான் சண்டை போடலாம்?

மூன்று நிலைமைகளில் கேட்பது நியாயம். முதலாவது, பேக்கேஜ் வாங்கிய ரசீதிலேயே விற்பனை வரி என்று தனித் தொகை இருந்து, முதல் நாள் பானத்துக்கும் மறுபடி போட்டிருந்தால். ஒரே பானத்துக்கு இரண்டு தடவை வரி. இதைத்தான் விடக் கூடாது. இரண்டாவது, பில்லில் உள்ள நேரம் எல்லை தாண்டிய பிறகு என்றால். 4-ஆம் கேள்வியில் சொன்னபடி உங்கள் துறைமுகத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்துவிட்டுப் போங்கள். மூன்றாவது, 7-ஆம் கேள்வியின் வகுத்தல் கணக்கு ஒத்துவராதபோது.

கடைசி இரவு கெஸ்ட் சர்வீஸ் கவுண்டரில் நீண்ட வரிசை இருக்கும். இரண்டாம் நாள் காலையிலேயே போங்கள். ஆப்பில் தொகை மட்டும் தெரிந்தால், பானத்தின் பெயர், நேரம், பாரின் பெயர் எல்லாம் உள்ள விவரப் பிரதியைக் கேளுங்கள். வரி சரியாகவே இருந்து, உங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் குறை என்றால், அதையும் அமைதியாகச் சொல்லலாம்; சிறு தொகையை ஆன்போர்ட் கிரெடிட்டாகத் தருவது அவர்கள் விருப்பம், உங்கள் உரிமை அல்ல.

19. கப்பல் டியூட்டி ஃப்ரீயில் வாங்கின பாட்டிலுக்கு கால்வெஸ்டன்ல இறங்கும்போது வரி கேட்டாங்க. டியூட்டி ஃப்ரீன்னா என்ன அர்த்தம்?

சுங்க வரி இல்லை என்று மட்டும் அர்த்தம். அது மத்திய அரசின் வரி. வெளியிலிருந்து மது கொண்டுவருபவர்களிடம் டெக்ஸாஸ் மாநிலம் தன் மதுபான வரியையும் ஒரு நிர்வாகக் கட்டணத்தையும் வாங்குகிறது. கால்வெஸ்டன் முனையத்திலேயே மாநில மதுபான ஆணையத்தின் மேசை இருக்கும். பாட்டிலைத் திறந்திருந்தாலும் சரி, பரிசாக வந்திருந்தாலும் சரி. பாட்டில் விலையோடு இதையும் கூட்டி, வீட்டுக்குப் பக்கத்துக் கடை விலையோடு ஒப்பிட்ட பிறகு வாங்குங்கள்.